பத்து நாள் யாருடையது

அன்புள்ள ரகு,

போன வெள்ளிக்கிழமை நீ தோஹாவிலிருந்து கூப்பிட்டபோது நான் குக்கரை இறக்கிக்கொண்டிருந்தேன். வழக்கமான விசாரிப்பெல்லாம் முடிந்து போனை வைக்கப்போகும் நேரத்தில், "அம்மா, ஃப்ளோட் யாருக்குச் சொந்தம்?" என்று கேட்டாய். உங்கள் கட்டடத்தில் ஏதோ ஒரு வேலைக்குப் பன்னிரண்டு நாள் மிச்சம் இருக்கிறதாம். அது எங்களுடையது என்கிறாராம் கட்டடச் சொந்தக்காரரின் எஞ்சினியர். இல்லை, எங்களுடையது என்கிறாராம் உன் கம்பெனி எஞ்சினியர். வேலைக்குச் சேர்ந்து மூன்றே மாதம் ஆன நீ அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு இருவருக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறாய். நான் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் உன் போன் கார்டு தீர்ந்து லைன் போய்விட்டது. திரும்பக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் இந்தக் கேள்வியை உனக்கு முன்னால் ஒரே ஒருவர்தான் என்னிடம் கேட்டிருக்கிறார். அவர் எஞ்சினியர் இல்லை, டைல் ஒட்டுகிறவர். அவர் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. அதைத் தேடிக்கொண்டு நான் எங்கெங்கோ போனேன். உன்னையும் ஒருமுறை கூட்டிக்கொண்டு போனேன், எதற்கென்று உன்னிடம் சொல்லாமலே. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும். விடுமுறை நாளில் நிதானமாகப் படி.

நீ திருவனந்தபுரத்தில் ஆறாம் வகுப்பு படித்த வருஷம் அது. உன்னை ஸ்கூல் வேனில் ஏற்றிவிட்டு, கரமனையில் பஸ் பிடித்து, பழவங்காடியில் இறங்கி இன்னொரு பஸ் மாறி நான் வேலைக்குப் போவேன். எங்கள் கம்பெனி ஒரு கல்லூரிக்குப் பெண்கள் விடுதி கட்டிக்கொண்டிருந்தது. நான்கு மாடி, மாடிக்குப் பத்துக் குளியலறை. ஜூனில் பிள்ளைகள் வந்துவிடுவார்கள், மழையும் வந்துவிடும். அதற்குள் முடிக்க வேண்டும். மேனேஜர் மாத்யூ சார் கோட்டயத்துக்காரர். நல்ல மனிதர், ஆனால் கட்டடம் நடக்கும் இடத்தில் ஒரு பெண் தலைக்கவசம் போட்டு நிற்பது அவருக்குச் சரிப்படவில்லை. "பிளானிங் நீங்க நோக்கிக்கோங்க. அது டேபிள் வொர்க் அல்லே, உங்களுக்கு நல்லா சரியாகும்" என்று சொல்லி, ஜன்னலோரமாக ஒரு மேஜையும் ஒரு சுருள் தாளும் கொடுத்தார். எனக்குக் கோபம்தான் வந்தது. அந்தக் கோபத்தோடுதான், கல்லூரியில் படித்து மறந்துபோன ஒரு பாடத்தைத் திரும்ப எடுத்தேன்.

உனக்கு இப்போது கம்ப்யூட்டர் ஒரு நொடியில் செய்துகொடுக்கிறது. நான் பென்சிலால் செய்தேன். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பெட்டி. எது முடிந்தால் எது தொடங்கலாம் என்று பெட்டிக்குப் பெட்டி அம்புக்குறி. முதலில் இடமிருந்து வலமாகக் கூட்டிக்கொண்டே போனேன்: இந்த வேலை சீக்கிரத்திலும் சீக்கிரமாக எந்த நாளில் முடியும்? பிறகு கடைசி நாளில் நின்றுகொண்டு வலமிருந்து இடமாகக் கழித்துக்கொண்டே வந்தேன்: எத்தனை தாமதமாக முடிந்தாலும் விடுதி திறக்கும் நாள் கெடாமல் இருக்கும்? ஒவ்வொரு பெட்டியிலும் இரண்டு எண்கள் வந்து உட்கார்ந்தன. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் அந்த வேலைக்கு இருக்கும் மிச்ச நாள், ஃப்ளோட். சில பெட்டிகளில் இரண்டு எண்ணும் ஒன்றாகவே இருந்தன. மிச்சம் பூஜ்யம். அவற்றை மட்டும் சிவப்புப் பென்சிலால் இணைத்துப் பார்த்தேன். தாளின் இடது ஓரத்திலிருந்து வலது ஓரம்வரை அறுபடாமல் ஒரு பாதை ஓடியது. நான் போட்டது அல்ல அது. கணக்கு தானாகப் போட்டது. என் மேஜைக்கு வெளியே நூற்றுச் சொச்சம் பேர் மண்ணும் சிமென்டுமாக அலைந்துகொண்டிருந்தார்கள். அத்தனை பேரையும் இழுத்துக்கொண்டு போகிற கயிறு இந்தத் தாளில் எனக்குத் தெரிகிறது. அந்த நிமிஷத்தில் எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை உனக்கு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. டீ வந்தது, ஆறிப்போனது, தெரியவே இல்லை.

இப்போது குளியலறைகளுக்கு வா. அங்கே மூன்று வேலை, ஒன்றன்பின் ஒன்றாக. விஜயன் என்பவரின் ஆட்கள் குழாய் பதிக்க எட்டு நாள். பிறகு தரையில் நீர்க்கசிவுக்கு வாட்டர்ப்ரூஃபிங் பூசி, தண்ணீர் கட்டி நிறுத்திக் கீழ்மாடியில் ஒழுகுகிறதா என்று பார்க்க ஏழு நாள். அது தேறிய பிறகு டைல், பதினைந்து நாள். மொத்தம் முப்பது. அதே சமயம் மாடிப்படியும் வராந்தாவும் இன்னொரு பக்கம் நடக்கும். அதற்கு நாற்பது நாள். இரண்டும் முடிந்தால்தான் கதவு மாட்டிப் பெயின்ட் அடிக்க முடியும். ஆக, குளியலறைப் பக்கம் பத்து நாள் மிச்சம். சூத்திரப்படி குழாய்ப் பெட்டியில் பத்து என்று எழுதினேன். வாட்டர்ப்ரூஃபிங் பெட்டியில் பத்து. டைல் பெட்டியிலும் பத்து. மூன்றும் சரியான விடைகள். பாடப்புத்தகத்தைத் திறந்து பார், இப்போதும் அப்படித்தான் இருக்கும். அந்தத் தாளை ஆபீஸ் சுவரில் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி ஒட்டினேன். என் கையெழுத்தைப் பார்த்து எனக்கே பெருமையாக இருந்தது.

மாரியப்பன் அங்கேதான் வந்து நின்றார். வள்ளியூர்க்காரர். திருவனந்தபுரத்தில் பத்து வருஷமாக டைல் வேலை. குளியலறைத் தரையில் தண்ணீர் ஒரு சொட்டு தேங்காமல் மூலைக்கு ஓடும்படி சரிவு எடுப்பதில் அவர் கை தனி. மாத்யூ சாரே சரிபார்க்கப் போகமாட்டார். மாரியப்பன் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வந்து அந்தத் தாளை வெகுநேரம் பார்த்தார்.

"மேடம், இதுல நம்ம வேல எது?"

காட்டினேன்.

"அந்தப் பத்துன்னு போட்டிருக்கது என்னது?"

"அது உங்களுக்கு இருக்கிற மிச்ச நாள். பத்து நாள் முன்னே பின்னே ஆனாலும் கட்டடத்துக்கு ஒண்ணும் ஆகாது."

அவர் விரலை அந்தப் பெட்டியின் மேல் வைத்தபடி மனசுக்குள் ஏதோ எண்ணினார். "வீட்டுக்காரிக்கு ரெண்டாவது பிரசவம் மேடம். மொதப் பிள்ளைக்கே ரொம்பக் கஷ்டப்பட்டுட்டா. டாக்டர் ஒரு தேதி சொல்லியிருக்காரு. முக்கால்வாசி வேலய முடிச்சுட்டு எட்டு நாளு ஊருக்குப் போயிட்டு வந்துருதேன். திரும்பி வந்து மிச்சத்த முடிச்சுருவேன். போகலாம்லா?"

நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பன்னிரண்டு நாள் வேலை, எட்டு நாள் லீவு, வந்து மூன்று நாள் வேலை. தாராளமாக இடம் இருந்தது, இரண்டு நாள் மீதியும் இருந்தது. "போயிட்டு வாங்க. அதான் எழுதியே இருக்கே" என்றேன். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டவர் இன்னொரு தடவை திரும்பித் தாளைப் பார்த்துவிட்டுப் போனார்.

அடுத்து நடந்ததில் யாரும் தப்பு செய்யவில்லை. விஜயனும் தாளைப் பார்த்திருந்தார். குழாய்க்குப் பத்து என்று போட்டிருக்கிறதே என்று, ஆட்களை வேறொரு வேலைக்கு அனுப்பிவிட்டு ஆறு நாள் கழித்துத் தொடங்கினார். என்னிடம் கேட்டுவிட்டுத்தான் அனுப்பினார். நானும் தாளைப் பார்த்துத்தான் சரி என்றேன். பிறகு தண்ணீர் கட்டிப் பார்த்ததில் இரண்டாம் மாடியில் ஐந்து அறை ஒழுகிற்று. உடைத்துத் திரும்பப் பூசி மறுபடி தண்ணீர் கட்ட நாலு நாள். அதற்கும் பத்து இருக்கிறதே என்று நான் பதறவில்லை. பதினாறாம் நாள் தொடங்கியிருக்க வேண்டிய மாரியப்பன் இருபத்தாறாம் நாள்தான் முதல் டைலை வைத்தார். மறுநாள் காலை எண்களைத் திருத்த உட்கார்ந்தேன். டைல் பெட்டியில் விடை பூஜ்யம் என்று வந்தது. தப்பாகக் கூட்டிவிட்டேன் என்று நினைத்துத் திரும்பக் கூட்டினேன். பூஜ்யம்தான். சிவப்புப் பாதை இப்போது அவர் வழியாகவும் ஓடியது.

மாத்யூ சாரிடம் போனேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். கோபம் வந்தால் அப்படித்தான். "இந்த சீசனில் நல்ல டைல் பணிக்காரெ எங்க கிட்டும்? எல்லா சைட்டிலும் ஆள் கிடைக்காம ஓடுன்னு. அவர் போவான் பற்றில்லா, போகக்கூடாது. நீங்கதானே சொல்லிக் கொடுத்தது, நீங்கதன்னெ போய்ப் பறயணும்."

மூன்றாம் மாடிக்கு ஏறிப் போனேன். மாரியப்பன் குந்தி உட்கார்ந்து டைலைக் கட்டையால் தட்டிக்கொண்டிருந்தார். சொன்னேன். தட்டுவதை நிறுத்தினார். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "நான் ஒரு நாளுகூட எடுக்கலியே மேடம். எனக்குன்னு எழுதியிருந்த பத்து நாளு எங்க போச்சு?" என்றுதான் கேட்டார். நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்கிற மாதிரி, என் முகத்தைப் பார்த்துக் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. "வேலை தாமதமாயிடுச்சு" என்று ஏதோ முணுமுணுத்துவிட்டுக் கீழே வந்தேன்.

அவர் போகவில்லை. டைல் தொடங்கிய ஒன்பதாம் நாள் மதியம் ஆபீசுக்குப் போன் வந்தது. வள்ளியூரிலிருந்து ஒரு பூத்தில் நின்று அவர் மச்சான் பேசினார். பெண் குழந்தை, நன்றாக இருக்கிறது. தாய்க்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை, நாகர்கோவிலுக்குக் கொண்டுபோகிறார்கள். நான் மாடிக்கு ஓடினேன். மாரியப்பன் கையைக்கூடக் கழுவவில்லை. மாத்யூ சார் தன் ஜீப்பில் அவரை ஏற்றித் தம்பானூர் பஸ் ஸ்டாண்டில் கொண்டுபோய் விட்டார். மனிதர் நல்லவர் என்று முன்பே சொன்னேனே. அந்த அம்மா பிழைத்துக்கொண்டார். பத்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார் என்று பிறகு தெரிந்தது. மாரியப்பன் எங்கள் வேலைக்குத் திரும்பி வரவில்லை. எப்படியோ இரண்டு பேரைப் பிடித்து மீதி டைலை ஒட்டினோம். சரிவு சரியில்லாமல் இரண்டு அறையில் தண்ணீர் தேங்கிற்று.

ரகு, இதற்கு மேல்தான் நான் உன்னிடம் ஒப்புக்கொள்ள வேண்டியது வருகிறது. விடுதி ஜூனில் திறக்கவில்லை. டைல் முடிந்து, கதவு மாட்டி, பெயின்ட் அடித்து, துடைத்து வைத்த பிறகும் பத்தொன்பது நாள் பூட்டிக் கிடந்தது, கரன்ட் இல்லாமல். கரன்ட் கொடுப்பவர்கள் மேல் குற்றமில்லை. நாங்கள் விண்ணப்பம் கொடுத்ததே தாமதம். ஏன் தாமதம் என்றால், அந்த வேலைக்கென்று என் தாளில் ஒரு பெட்டியே இல்லை. செங்கல், மணல், குழாய், கதவு எல்லாவற்றுக்கும் பெட்டி போட்ட நான், ஒரு காகிதம் கொடுத்துவிட்டுக் காத்திருப்பதும் நாளைத் தின்னும் என்று நினைக்கவே இல்லை. மாரியப்பன் எட்டு நாள் ஊருக்குப் போய் மனைவி பக்கத்தில் இருந்துவிட்டு வந்திருந்தாலும் விடுதி அதே நாளில்தான் திறந்திருக்கும். அவரிடமிருந்து நான் பிடுங்கிய நாட்கள் யாருக்கும் உதவவில்லை. இதை மாத்யூ சாரிடம்கூட நான் அப்போது சொல்லவில்லை. தாளைச் சுவரிலிருந்து எடுத்துச் சுருட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

குற்ற உணர்ச்சி இருந்தது. ஆனால் அதைவிட அதிகமாக என்னைக் குடைந்தது அந்தக் கேள்விதான். பத்து நாள் எங்கே போயிற்று? முப்பது நாள் வேலை, நாற்பது நாள் இடம், பத்து மிச்சம். நான் எழுதியதோ மூன்று பத்து. முப்பது நாள் எங்கிருந்து வந்தது? இது புரிய எனக்கு இரண்டு வாரம் பிடித்தது. புரியவைத்தது ஒரு ஹர்த்தால். திடீரென்று மதியத்தில் கடையெல்லாம் மூடி, உன் ஸ்கூல் வேன் ஓடவில்லை. அப்பா பாங்கில் இருந்தார், ஸ்கூல் விடுகிற நாலரை வரை அவருக்கு நேரம் இருக்கிறது, போய்க் கூட்டி வருவார் என்று நான் நினைத்தேன். எனக்கு அன்று வேலை குறைவு என்று காலையில் சொல்லியிருந்தேன், அதனால் நான் போவேன் என்று அவர் நினைத்தார். ஆறு மணி வரை நீ வாட்ச்மேனோடு உட்கார்ந்திருந்தாய். உன்னைத் தோளில் சாய்த்துக்கொண்டு நடந்தே வீட்டுக்கு வந்த பிறகு அப்பா சொன்னார்: "உனக்கு நேரம் இருக்குன்னு நான் விட்டேன், எனக்கு இருக்குன்னு நீ விட்டே. இருந்த நேரம் ஒண்ணுதான். அதை ரெண்டு பேரும் தனித்தனியா எண்ணிண்டுட்டோம்."  கையைக்கூடக் கழுவாமல் போய்ச் சுருளைப் பிரித்தேன். அந்தச் சமயத்தில் உனக்குப் பால் கலக்கித் தந்தது அப்பாதான். அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

விஷயம் இதுதான். நான் எழுதிய பத்து அந்த மூவரும் சேர்ந்த வரிசைக்கான பத்து. ஒருவர் எடுத்தால் அடுத்தவருக்குக் குறையும். புத்தகத்தில் வேறு அளவுகளும் இருந்தன. அவற்றைப் பரீட்சைக்காக மனப்பாடம் செய்து மறந்திருந்தேன். அடுத்தவர் தொடங்கும் நாளைத் தொடாமல் ஒருவர் எத்தனை நாள் எடுக்கலாம் என்று கேட்டால் விடை வேறு: குழாய்க்குப் பூஜ்யம், வாட்டர்ப்ரூஃபிங்குக்குப் பூஜ்யம், டைலுக்குப் பத்து. முன்னால் இருப்பவர்கள் எத்தனை தாமதித்தாலும், பின்னால் இருப்பவரைத் தொடாமல் ஒருவருக்கு நிச்சயமாக மிஞ்சுவது எவ்வளவு என்று கேட்டால், மூவருக்கும் பூஜ்யம். ஒரே தாள், ஒரே அம்புக்குறிகள், மூன்று கேள்வி, மூன்று விதமான விடை. இரண்டாவது விடையைத் திரும்பவும் போட்டுப் பார்த்தேன். அந்தப் பத்து நாளை யாருக்கும் கெடுதல் இல்லாமல் எடுத்துக்கொள்ளக்கூடிய ஒரே ஆள் மாரியப்பன்தான். அவர் ஒருவரைத் தவிர மற்ற இருவருக்கும் அதைக் கொடுத்திருக்கிறேன்.

இன்னொன்றும் என்னை விடவில்லை. எல்லோரும் கிட்டத்தட்டச் சொன்ன நாளில்தான் முடிக்கிறார்கள், ஆனாலும் கட்டடம் மட்டும் ஏன் எப்போதும் தாமதமாகிறது? ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் உன் லூடோ பெட்டியிலிருந்து பகடையை எடுத்துக்கொண்டு அப்பாவும் நானும் கூடத்தில் உட்கார்ந்தோம். பகடையில் விழும் எண்தான் ஒரு குழு வேலையை முடிக்க எடுக்கும் நாள் என்று வைத்துக்கொண்டோம். ஒரு குழு மட்டும் என்றால் சராசரி மூன்றரை நாள். ஒரே கதவுக்காக மூன்று குழுவும் முடிக்க வேண்டும் என்றால்? மூன்று தடவை உருட்டி, அதில் பெரிய எண்ணை எழுது. கடைசியில் வருகிறவருக்காகத்தானே எல்லோரும் காத்திருக்க வேண்டும். நூறு முறை உருட்டினோம். அப்பா சலிக்காமல் எழுதினார். சராசரி ஐந்தைத் தொட்டது. ஒருவரும் மெத்தனமாக இல்லை, பகடையில் கோளாறு இல்லை, ஆனாலும் மூன்று வழி சேருகிற இடத்தில் ஒன்றரை நாள் தாமதம் தானாகப் பிறக்கிறது. "அப்போ தாமதத்துக்கு யாரைத் திட்டறது?" என்று அப்பா கேட்டார். நாங்கள் சிரித்தோம். ஆனால் அந்தக் கேள்வியும் எனக்குள் தங்கிவிட்டது. மிச்ச நாள் சோம்பேறித்தனத்துக்கான இடம் என்று மாத்யூ சார் நினைத்தார், நானும் நினைத்தேன். வழிகள் சேருகிற இடத்தில் அது இல்லாவிட்டால் ஒருவரும் தப்பு செய்யாமலே எல்லாம் தாமதமாகும்.

உன் கேள்விக்கு இதுவரை நான் கண்ட பதிலைச் சொல்லிவிடுகிறேன். ஒப்பந்தத்தில் ஃப்ளோட் யாருடையது என்று எழுதியிருக்கிறதா என்று முதலில் படி. எழுதியிருந்தால் விவாதமே இல்லை. எழுதவில்லை என்றால், வழக்கத்தில் அது முதலில் கைவைப்பவருக்குப் போகிறது. இரண்டு எஞ்சினியர்களும் சண்டை போடுவது அதற்காகத்தான். உன்னால் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அந்தப் பன்னிரண்டு எத்தனை பெட்டிகளில் எழுதப்பட்டிருக்கிறது என்று எண்ணிப் பார். ஐந்து பெட்டியில் இருந்தால் ஐந்து பேர் அதை நம்பிக்கொண்டிருக்கிறார்கள். அந்த ஐந்து பேரையும் ஒரே அறையில் உட்காரவைத்து, இது ஒரே பன்னிரண்டுதான் என்று சொல். யார் எத்தனை எடுக்கப்போகிறார்கள் என்பதை அவர்கள் முன்னாலேயே எழுது. நான் அடுத்த கட்டடத்திலிருந்து அப்படித்தான் செய்தேன். பெட்டிகளில் மிச்ச நாள் எழுதுவதை நிறுத்தி, வரிசை முழுவதையும் ஒரு வளையத்துக்குள் போட்டு, வளையத்துக்கு மேலே ஒரே எண் எழுதினேன். திங்கட்கிழமை டீ நேரத்தில் மேஸ்திரிகள் அதைச் சுற்றி நின்று சண்டை போட்டார்கள். நான் வெறுமே பென்சிலைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

இனி, உன்னைக் கூட்டிக்கொண்டு போன கதை. அந்த வருஷம் ஓணம் லீவில் நாம் மூவரும் பஸ்ஸில் வள்ளியூர் போனோமே, நினைவிருக்கிறதா? ஆரல்வாய்மொழி தாண்டினதும் நீ ஜன்னல் வழியாக வாந்தி எடுத்தாய், பின்சீட்டில் இருந்தவர் சத்தம் போட்டார். ஒரு வீட்டில் உனக்கு முறுக்கு கொடுத்தார்கள், நீ அங்கே ஒரு ஆட்டுக்குட்டியோடு விளையாடினாய். யார் வீடு என்று நீ கேட்டதற்கு, தெரிந்தவர் வீடு என்று சொல்லிவிட்டேன். அது மாரியப்பன் வீடு. விலாசத்தைப் பழைய ஆட்களிடம் விசாரித்து வாங்கியிருந்தேன். போகிற வழியெல்லாம் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்திருந்தேன். வாசலில் அவரைப் பார்த்ததும் எல்லாம் மறந்துபோயிற்று.

"வாங்க மேடம்" என்றார், ஆச்சரியத்தோடு. நான் கையிலிருந்த சுருளைப் பிரித்தேன். அப்பாவுக்கே வெட்கமாகிவிட்டது. ஒருவர் வீட்டுக்கு முதல்முறை போய் உட்காருவதற்கு முன்னால் வரைபடத்தை விரிப்பார்களா? மாரியப்பன் மட்டும் எதுவும் கேட்காமல் அதன் நாலு மூலையிலும் உடைந்த டைல் துண்டுகளை வைத்தார். பத்து நாள் எங்கே போயிற்று என்று சொன்னேன். குழாய்க்கு ஆறு, ஒழுகினதற்கு நாலு. எல்லோருக்கும் ஒரே பத்தை எழுதினது நான் செய்த தப்பு என்றும் சொன்னேன். கரன்ட் பெட்டி விட்டுப்போனதையும், அவர் போயிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது என்பதையும் சொன்னேன். 

அவர் பெட்டி பெட்டியாக விரலை நகர்த்திக்கொண்டு போனார். "இதுல என் பேரே இல்லையே மேடம்" என்றார். "டைல்னு போட்டிருக்கு. பத்துன்னு போட்டிருக்கு. நான் கேட்ட எட்டு நாளுக்கு ஒரு கட்டம் போட்டு மாரியப்பன் லீவுன்னு எழுதியிருந்தீங்கன்னா, விஜயன் கண்ணுல பட்டிருக்கும்லா? அவன் நல்ல பையன். இன்னொருத்தன் பொண்டாட்டி பிரசவத்துக்குப் போகுதான்னு தெரிஞ்சா ஆறு நாளு எடுத்திருக்க மாட்டான்."

அவ்வளவு கணக்குப் போட்ட எனக்கு அது தோன்றவில்லை. அவர் லீவை நான் மிச்சத்தில் எடுத்துக்கொள்ளச் சொன்னேன். அதையும் ஒரு வேலையாக, தொடக்க நாளும் முடிவு நாளும் உள்ள பெட்டியாக, அம்புக்குறியோடு போட்டிருக்க வேண்டும். போட்டிருந்தால் விஜயன் என்னிடம் வந்து கேட்ட அன்றைக்கே கணக்கு எனக்குச் சொல்லியிருக்கும், இடமில்லை என்று.

அவர் மனைவி செல்வி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிலைப்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். மெலிந்த பெண். நான் அவளைப் பார்த்து மன்னிப்புக் கேட்டேன்.  குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். "இவுக அன்னைக்கு இங்க இருந்திருந்தா மட்டும் என்ன செஞ்சிருக்கப் போறாக. ரத்தம் நின்னுருக்குமா? நின்னுருக்காது. அது எனக்கும் தெரியும்." குழந்தையின் தலையைத் தடவினாள். "ஆனா வண்டில ஏத்தும்போது கண்ண முழிச்சுப் பாத்தேன். எங்க அண்ணன் இருந்தான், பக்கத்து வீட்டுக்காரவுக இருந்தாக. இவுக இல்ல. அதுக்கு இந்தத் தாள்ல எங்கயாவது கணக்கு இருக்கா?"

இல்லை என்று சொன்னேன். அவள் தலையசைத்துவிட்டு உள்ளே போய்க் காப்பி போட்டுக் கொண்டுவந்தாள். மன்னித்தாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. காப்பி நன்றாக இருந்தது. குழந்தையை என் மடியில் வைத்தாள். அது என் மூக்குக்கண்ணாடியைப் பிடித்து இழுத்தது.

திரும்பி வந்து நடந்ததை எல்லாம் மாத்யூ சாரிடம் சொன்னேன், கரன்ட் பெட்டியையும் சேர்த்து. கண்ணாடியைக் கழற்றுவார் என்று காத்திருந்தேன். அவர் ஜன்னலையே பார்த்துக்கொண்டு, "அப்போ தப்பு பண்ணினது நானும்கூடத்தான்" என்று மட்டும் சொன்னார். அடுத்து பொன்முடி மலையில் ஒரு சின்னக் கட்டட வேலை வந்தது. பஸ் குறைவு, ஆட்கள் மேலே ஏறினால் வாரக்கணக்கில் இறங்கமாட்டார்கள். என் தாளில் முதல்முறையாகப் பெயர்கள் இருந்தன. ஒருவருடைய தங்கை கல்யாணம், ஒருவருடைய கோயில் கொடை, ஒருவருடைய பிள்ளைக்குப் பரீட்சை, எல்லாவற்றுக்கும் பெட்டி. மேலாபீசிலிருந்து வந்தவர் பார்த்துவிட்டு, "இது கட்டட அட்டவணையா, குடும்ப ஆல்பமா?" என்று கேட்டார். அந்த வேலை நாலு நாள் தாமதமாகத்தான் முடிந்தது. முடிந்ததும் எல்லாம் சரியாகிவிட்டது என்று உன்னிடம் பொய் சொல்லமாட்டேன். ஆனால் அந்த நாலு நாளும் எங்கே போயிற்று என்று ஒவ்வொன்றாக என்னால் சொல்ல முடிந்தது. பாதி வேலை நடக்கும்போது ஒருநாள் மாத்யூ சார் என் மேஜைக்கு வந்து, தொண்டையைச் செருமி, குரலைத் தாழ்த்தி, "இதில் ஒரு பாக்ஸ் எனிக்கும் போடணும்" என்றார். கண் ஆபரேஷனாம். யாரிடமும் சொல்லவில்லையாம். ஐந்து நாள். நான் பென்சிலை எடுத்து "மாத்யூ, கண்" என்று எழுதினேன். அவர் கொஞ்ச நேரம் அங்கேயே நின்று, தன் பெட்டிக்கு எங்கிருந்து அம்புக்குறி வருகிறது, எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

இங்கே அப்பா சௌக்கியம். முட்டிவலிதான், அதற்குத் தைலம் போட்டுக்கொள்கிறார். உன் இரண்டு எஞ்சினியர்களும் எப்படி முடிவுக்கு வந்தார்கள் என்று தெரிந்துகொள்ள அவருக்கும் ஆசையாக இருக்கிறது. எனக்கு அதைவிட வேறொன்று தெரிய வேண்டும். நீ சொன்ன அந்த வேலை, பன்னிரண்டு நாள் மிச்சம் உள்ளது, அதைச் செய்கிறவர் யார்? எந்த ஊர்க்காரர்? கடைசியாக எப்போது ஊருக்குப் போய் வந்தார்? நீ எனக்கு எழுதவேண்டாம். எழுந்து போய் அவரிடம் கேள்.

அன்புடன்,
அம்மா